சிவப்பு வில்லை

சமபந்தி வாரியத்தைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம் என்று அந்த வாரியமே வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போகும். குடிநீர்த் துறையோ தபால் துறையோ இப்படி வந்து சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை. பயப்பட வேண்டாம் என்று தேடி வந்து சொல்கிற அளவுக்கு மக்கள்மேல் அக்கறை கொண்ட துறை அது ஒன்றுதான்.

அதன் கொள்கையில் குறை காண முடியாது. எந்த வீட்டிலும் சாப்பாட்டு வேளையில் கடைசி ஆள் என்று ஒருவர் இருக்கக் கூடாது. எல்லாரும் தின்று முடித்தபின் சட்டியைச் சுரண்டுகிற அந்த ஒருவருக்காகவே வாரியம் உண்டாக்கப்பட்டது. அப்படி ஒருவரும் இல்லை என்று நிரூபணமான வீட்டு வாசலில் 'கடைசி இல்லாத வீடு' என்று பொறித்த பித்தளைத் தகடு அடிப்பார்கள். தகடு நல்ல கனம். அதில் மட்டும் அவர்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

வீட்டிலேயே பல்செட் கட்டிக்கொடுத்துப் பிழைக்கும் பல்செட்டுக்காரருக்கு அந்தத் தகட்டின்மேல் ஆசை வந்தது. எதிர்வீட்டு வாசலில் அது இருந்தது. எதிர்வீட்டுக்காரர் தினமும் காலையில் எலுமிச்சைத் தோலால் அதைத் தேய்த்துப் பளபளக்க வைப்பார். முன்பு அந்த வீட்டில் ஏகப்பட்ட பேர் இருந்து காட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்ததாகப் பல்செட்டுக்காரருக்கு மங்கலாக ஞாபகம். இப்போது அவர் ஒருவர்தான். சாப்பாட்டு நேரத்தில்கூட அங்கிருந்து ஒரு தட்டுச் சத்தம் கேட்காது. பல்செட்டுக்காரர் இதையெல்லாம் யோசிக்கவில்லை. அவர் யோசித்தது வியாபாரத்தை.

“பல்லு கட்ட வர்றவங்க ஏற்கெனவே அரை மனசோட வர்றாங்க. வாசல்ல கவர்மெண்டு தகடு ஒண்ணு இருந்தா ஒரு நம்பிக்கை வரும்ல?” என்றார் மனைவியிடம்.

அவள் ஜன்னல் வெளிச்சத்தில் யாருடைய கீழ்வரிசையையோ பிடித்து ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் மெழுகிலும் மாவிலும் வாய் அளவெடுப்பது அவர் வேலை. பல்லின் நிறம் பார்த்துப் பொறுக்குவதும், ஈறில் குத்தாமல் ஓரத்தை மழுக்குவதும் அவள் வேலை.

“தகடுதானே? பாத்திரக்கடையில அடிச்சுக் குடுப்பாங்க. வாங்கி மாட்டுங்க.”

“அது போலித் தகடு.”

“நாம செய்யறது போலிப் பல்லு. பொருத்தமாத்தான் இருக்கும்.”

அவர் கோபித்துக்கொண்டு கிளம்பி வாரிய அலுவலகத்துக்குப் போனார். அங்கே கூட்டமே இல்லை. சமத்துவத்துக்காக எல்லா நாற்காலிக் கால்களும் ஒரே அளவாக அறுக்கப்பட்டிருந்தன. உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. எழுத்தர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் அனுபவசாலி.

“உங்க வீட்ல எத்தனை பேர் சாப்பிடறீங்க?”

“ஏழு பேர்.”

பூனை வளர்க்கிறவர்கள் இப்படித்தான் கணக்குச் சொல்வார்கள். வீட்டில் அவர், அவர் மனைவி, ஐந்து பூனைகள். திருத்திச் சொல்லலாமா என்று அவர் வாயெடுப்பதற்குள் எழுத்தர் மர வில்லைகளை எடுத்துத் துணிப்பையில் போடத் தொடங்கிவிட்டார். ஆறு வில்லைகளில் ஒன்று முதல் ஆறு வரை எண் செதுக்கியிருந்தது. ஏழாவது வில்லை சிவப்பு. அதில் எண் இல்லை.

“சார், அதுல அஞ்சு பேர் பூனைங்க.”

“சாப்பிடறாங்களா இல்லையா?”

“சாப்பிடறாங்க.”

“அப்ப சரி. வாரியத்துக்கு வாய்தான் கணக்கு. கால் எத்தனைன்னு நாங்க பாக்கறதில்ல.”

பெருந்தன்மையான துறை என்று நினைத்துக்கொண்டு பல்செட்டுக்காரர் வீடு திரும்பினார். தன் பூனைகளை ஆட்களாக மதித்த முதல் அதிகாரியை அன்றுதான் அவர் பார்த்தார். வழியெல்லாம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த ஐந்து பேரையும் பற்றிச் சொல்ல வேண்டும். குண்டன், தட்டின் நடுவில் அடி தெரிந்துவிட்டால் சோறு தீர்ந்துபோனதாக முடிவு கட்டி அழுவான். ஓரத்தில் சுற்றிலும் சோறு குவிந்து கிடக்கும், அது அவன் கண்ணில் படாது. விரலால் நடுவே தள்ளிவிட்டால், புதிதாகப் போட்டார்கள் என்று நன்றியோடு தின்பான். வக்கீல், பல்செட்டுக்காரரிடம் ஒரு தடவை வாங்கித் தின்று மீசையைத் துடைத்துக்கொண்டு, நேராக அவர் மனைவியிடம் போய், பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் தனக்கு யாரும் ஒரு பருக்கை போட்டதில்லை என்று வாதாடும். திருடி, தன் தட்டு நிறைந்திருக்கும்போதே பக்கத்துத் தட்டிலிருந்து மீனைக் கவ்விக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடும். கொடுத்தது அதற்கு ருசிக்காது. தோண்டி, தின்னும் முன் தட்டைச் சுற்றி வெறும் தரையைப் பிறாண்டி, இல்லாத மண்ணைத் தள்ளி மூடும். இதையெல்லாம் பல்செட்டுக்காரர் தன்னிடம் வருகிறவர்களுக்கு, அளவெடுக்க அவர்கள் வாயில் மாவு வைத்து அடைத்திருக்கும் நேரமாகப் பார்த்து விலாவாரியாகச் சொல்வார்.

ஐந்தாவது சாம்பி. குட்டியாக இருக்கும்போது கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் கிடைத்த சாம்பல் நிறப் பூனை. மற்ற நான்கும் தின்னும்போது அது சமையலறையை ஒட்டிய சின்னச் சாமான் அறையின் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து காதை மட்டும் திருப்பிக்கொண்டிருக்கும். அது தின்று அவர் பார்த்ததே இல்லை. “அது அப்புறம் சாப்பிடும்” என்பாள் மனைவி. “நீ?” என்று அவர் கேட்பதும் உண்டு, கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. “நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்” என்பாள். அவர் கை கழுவிவிட்டு மாவு குழைக்கப் போய்விடுவார். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டு மத்தியானம் இப்படித்தான் கழிந்துகொண்டிருந்தது.

வாரியத்திலிருந்து ஒருவர் வந்தார். தன் முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சமையலறையில் எல்லாத் தட்டும் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். அவர் பெயரைச் சொல்லவில்லை, பதவியைச் சொன்னார். அது சொல்லி முடிக்கவே நேரம் பிடித்தது. பல்செட்டுக்காரரின் மனைவி அதைச் சுருக்கி அவருக்கு முக்காலி என்று பெயர் வைத்தாள்.

முக்காலி கைமணியை ஒரு தடவை ஆட்டினார். “பந்தி திறந்தது” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மனைவி தட்டுகளை வைத்தாள். முதலில் வாய் வைத்தது குண்டன். முக்காலி எழுந்து, குனிந்து, ஒன்றாம் எண் வில்லையை அவன்முன் மரியாதையாக வைத்தார். சற்று நேரத்தில் குண்டனுக்குத் தட்டின் அடி தெரிந்துவிட்டது. அவன் அழத் தொடங்கினான். முதலில் உண்டவர் உண்ணாதவர்போல் அழுதால் என்ன செய்வது என்று விதியில் இல்லையாம். முக்காலிக்கு வியர்த்துவிட்டது. வக்கீல் இரண்டாம் வில்லையைப் பெற்றுத் தின்று முடித்து, முக்காலியிடமே போய் அவர் முழங்காலில் கை வைத்து, தன்னை விட்டுவிட்டதாக முறையிட்டது. அவர் கை தானாகப் பைக்குள் போனதைப் பல்செட்டுக்காரர் பார்த்தார். திருடி மூன்றாம் வில்லையையே கவ்விக்கொண்டு மேசைக்கு அடியில் போயிற்று. தோண்டி நான்காம் வில்லையைப் புதைத்தது. ஐந்தாவது வில்லை பல்செட்டுக்காரருக்கு. விருது வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பையில் ஆறாம் எண்ணும் சிவப்பும் மிச்சம்.

“இன்னும் ரெண்டு பேர்” என்றார் முக்காலி.

“சாம்பி அப்புறம் சாப்பிடும் சார்.”

“நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்” என்றாள் மனைவி.

முக்காலி தலையாட்டினார். “மெதுவா சாப்பிடுங்க. நான் இருக்கேன்.”

அவர் இருந்தார். எண் போட்ட எல்லா வில்லையும் விழும்வரை பந்தி மூடாது. பந்தி மூடும்வரை அவர் எழுந்திருக்க மாட்டார். மாலையில் போகும்போது சமையலறைக்கு வாரியத்தின் பூட்டைப் போட்டு அரக்கு வைத்துவிட்டுப் போவார். பார்வைக்கு வெளியே விழுங்கிய கவளம் சட்டப்படி கவளம் ஆகாது என்று விளக்கினார். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இருமல் வராது, கொட்டாவி வராது. கண் சிமிட்டுவாரா என்று பார்க்க வக்கீல் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தது. கடைசியில் வக்கீல்தான் எழுந்து போயிற்று.

இதற்கிடையில் ஒரு வேன் தெருவில் வந்து நின்றது. சாம்பல் நிறம். ஜன்னல்களுக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பக்கவாட்டில் 'முதல் பந்தி இல்லம்' என்று எழுதியிருந்தது. அது வந்த அன்று எதிர்வீட்டுக்காரர் தகட்டைத் தேய்க்க வெளியே வரவில்லை.

“அது எதுக்கு சார்?” என்றார் பல்செட்டுக்காரர்.

“சிவப்பு வில்லை யாருக்கு விழுதோ அவங்களைக் கூட்டிட்டுப் போக.”

“எங்க?”

“முதல் பந்தி இல்லத்துக்கு. அங்க யாருமே கடைசி இல்ல. எல்லாருமே முதல் பந்தி.”

“எப்பத் திரும்பி வருவாங்க?”

முக்காலி முதன்முதலாகச் சிரித்தார். “முதல் பந்தியில உக்காந்தவங்க யாராவது எந்திரிச்சுக் கடைசிப் பந்திக்கு வருவாங்களா? நீங்களே சொல்லுங்க.”

 அன்று பல்செட்டுக்காரர் குழைத்த மாவு கிண்ணத்திலேயே இறுகிவிட்டது. அவருக்குத் தகடு மறந்துபோயிற்று. சாம்பியை விடக் கூடாது, எப்படியாவது இந்த ஆள் கண்முன் அதை ஒரு வாய் தின்ன வைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது. அப்படித் தின்றுவிட்டால் மிச்சமிருக்கிற சிவப்பு யாருக்கு என்ற கேள்வி அவருக்குத் தோன்றவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மீனை வறுத்துக் கதவோரம் வைத்தார். திருடி எடுத்துக்கொண்டு போயிற்று. பாலைக் கதவிலிருந்து தட்டு வரை சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு வந்தார். குண்டன் நக்கிக்கொண்டே வந்து, சொட்டுக்குச் சொட்டு நடுவில் தரை தெரிந்ததால் அழுதான். பிறகு, ஆளைப் பார்த்துத்தானே பயப்படுகிறது என்று முக்காலியை ஒரு போர்வையால் மூடிவிட்டார். அவர் மறுக்கவில்லை. விதிப்படி கண்கள் திறந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பல்செட்டுக்காரர் போர்வையில் இரண்டு ஓட்டை போட்டார். அன்று பகல் முழுக்க ஒரு வெள்ளைக் குவியல் சமையலறை நடுவில் இருந்தது, இரண்டு ஓட்டைகளுக்குள்ளும் அசைவில்லை. நான்கு பூனைகளும் அன்று சத்தம் போடாமல் தின்றுவிட்டு வெளியே போயின. சாம்பி கதவுக்குப் பின்னாலிருந்து காதைக்கூடத் திருப்பவில்லை. இடுப்பெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

மனைவி அன்று ஒரு மேல்வரிசையின் ஓரத்தைத் தேவைக்கு மேல் தேய்த்துவிட்டாள். அப்படி அவள் செய்ததே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

“உனக்குக் கண்ணாடி மாத்தணும்” என்றார் பல்செட்டுக்காரர்.

அவள் தேய்ந்துபோன வரிசையை அவர் கையில் வைத்தாள். “ஆமா, யாருக்கோ மாத்தணும்” என்றாள்.

ஆய்வு இழுத்துக்கொண்டே போவதால் மண்டல அதிகாரியே வந்தார். பல்செட்டுக்காரருக்கு உயிர் வந்தது. அவருடைய மேல்வரிசை இவர் கட்டியதுதான். தெரிந்த ஈறு என்று ஒரு நம்பிக்கை.

அதிகாரி சமையலறை வாசலில் நின்று, பூனைகள் உட்பட எல்லாரையும் பார்த்துப் பேசினார்.

“சில பேர் கேக்கறாங்க, வாரியம் வந்தப்புறம் பசி குறைஞ்சுதான்னு. பசி எங்க வேலை இல்லங்க. பசிக்கு வேற துறை இருக்கு. எங்க வேலை வரிசை. கடைசி ஆளோட கஷ்டம் இருக்கே, அதைக் கண்ணால பாக்க முடியாதுங்க. என்னால பாக்க முடியல. எங்க யாராலயும் பாக்க முடியல. அதனாலதான் அவங்களை நாங்க பாக்க முடியாத இடத்துக்கு அனுப்பி வைக்கறோம்.” குரல் தழுதழுத்தது. “கடைசி ஆளை எடுத்துட்டா கடைசியே இருக்காதுன்னு எங்க நிறுவனர் கண்டுபிடிச்சார். எடுத்துட்டே இருக்கோம். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.”

மனைவி ஒரு தட்டில் சோறு போட்டு அவரிடம் நீட்டினாள். “சாப்பிடுங்க.”

பல்செட்டு கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்ததால் அதிகாரி நாலு பேர் முன் சாப்பிடுவதில்லை. “பரவாயில்லம்மா. நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்.”

முக்காலி மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரியின் முகம் வெளிறியது. அவர் அவசரமாக விசாரணையைத் தொடங்கினார்.

“வில்லை ரெண்டு, ஆள் ரெண்டு. பூனை சாப்பிடறதுக்கு என்ன சாட்சி?”

பல்செட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த விஷயம். “சார், நான் பல்லு கட்டறவன். இந்த ஊர்ல யார் எந்தப் பக்கம் மெல்றாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க இடது பக்கம் மெல்றீங்க. குண்டன் மெல்லவே மாட்டான், முழுங்குவான். திருடி வலது பக்கம், தலையைச் சாய்ச்சு. சாம்பிய நான் பாத்ததில்ல, ஆனா காலையில தட்டு சுத்தமா இருக்கும் சார். ஓரம் வரைக்கும் நக்கியிருக்கும். நாக்குல வலு இருக்கு. அது சாப்பிடற பூனைதான்.”

“ரொம்ப நல்ல விவரம். உங்க மனைவி எந்தப் பக்கம் மெல்றாங்க?”

பல்செட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

“உக்காந்து சாப்பிடுவாங்களா, நின்னுக்கிட்டா?”

அவர் பூனைகளைப் பார்த்தார்.

“அவங்களுக்குப் பிடிச்சது என்ன?”

“எல்லாமே பிடிக்கும் சார்” என்றார் அவர். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் கன்னம் ஒட்டியிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

“நானே சொல்றேன்” என்றாள் மனைவி. “எல்லாரும் போனப்புறம் அந்தக் கதவைச் சாத்திட்டு, அதுக்குப் பின்னால தரையில உக்காந்து சாப்பிடுவேன். சாம்பியும் அப்பதான் வரும். நான் ஒரு வாய் வைப்பேன், அது ஒரு வாய் வைக்கும். ரெண்டு பேரும் சேந்துதான் சாப்பிடுவோம்.”

“நீங்க சாப்பிட்டதை யார் பாத்தது?”

“சாம்பி பாத்துது.”

“சாம்பி சாப்பிட்டதை?”

“நான் பாத்தேன்.”

“அப்ப உங்க ரெண்டு பேர்ல யாரு முதல், யாரு கடைசி?”

“யாரும் கடைசி இல்ல. அதைத்தானே சொல்றேன். சேந்து சாப்பிடுவோம்.”

அதிகாரியும் முக்காலியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முக்காலி பையைக் கவிழ்த்துக் காட்டினார். ஆறு, சிவப்பு. வேறு எதுவும் விழவில்லை.

“சேந்து சாப்பிடறதுக்கு வில்லை கிடையாதும்மா” என்றார் அதிகாரி.

“சமபந்தி வாரியத்துலயா?”

“சமபந்தி வாரியத்துலதான்.” அவர் குரலில் வருத்தம் உண்மையாகவே இருந்தது. “நீங்க இப்ப எங்க முன்னாடி ஒரு வாய் சாப்பிட்டா ஆறாம் வில்லை உங்களுக்கு. நல்லா யோசிச்சுக்குங்க.”

தட்டைப் போடச் சொன்னார்கள். பல்செட்டுக்காரர் ஓடினார். கரண்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. திறந்த முதல் டப்பாவில் உப்பு, அடுத்ததில் பருப்பு. கடைசியில் கையாலேயே சோற்றை அள்ளி, மூன்று ஆள் தின்கிற அளவுக்குத் தட்டில் குவித்துக்கொண்டு வந்து அவள்முன் வைத்தார். 

“சாப்பிடு” என்றார். “சாப்பிட்டுடு.”

அவள் தரையில் உட்கார்ந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். நான்கு பூனைகளும்கூட வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. அவள் ஒரு கவளம் உருட்டி எடுத்தாள். எத்தனை நாள் பசியோ, வாயை நெருங்கியதும் கை ஒரு கணம் வேகமெடுத்தது. அப்போது அவள் பார்வை கதவுக்குப் போயிற்று. கதவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒரு மஞ்சள் கண் தெரிந்தது. அது சோற்றைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கையை இறக்கினாள். கவளத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

“எனக்குப் பசிக்கல” என்றாள்.

பிறகு நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சின்னச் சத்தம் எழுப்பினாள். பல்செட்டுக்காரர் அந்தச் சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை. சாம்பி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. இத்தனை ஆட்களைத் தாண்டி, தரையோடு தரையாக வயிற்றை வைத்து ஊர்ந்து வந்து, தட்டின் ஓரத்திலிருந்த கவளத்தில் வாய் வைத்தது. ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அவள் முறைக்காகக் காத்திருந்தது. அவள் அசையவில்லை. பசி தாங்காமல் அது இரண்டாவது வாய் வைத்தது.

முக்காலி குனிந்து ஆறாம் வில்லையைச் சாம்பியின் முன் வைத்தார்.

“பந்தி மூடியது” என்றார்.

அவள் எழுந்து கை கழுவினாள். சிவப்பு வில்லையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பல்செட்டுக்காரர் வேன்வரை பின்னாலேயே போனார். “நான் பேசறேன், மேல பேசறேன், அவர் பல்லே நான் கட்டினதுதான்” என்று சொல்லிக்கொண்டே போனார். அதிகாரி தன் மேல்வரிசையை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்.

“குண்டனுக்குச் சோத்தை நடுவுல தள்ளி விடுங்க” என்றாள் அவள். “வக்கீல் சொல்றதை நம்பாதீங்க. சாம்பிக்குக் கதவைச் சாத்தணும்.” கொஞ்சம் யோசித்தாள். “நான் வலது பக்கம் மெல்லுவேன். இடது பக்கம் கடைவாய்ப் பல்லு ரொம்ப நாளா வலிக்குது.”

வேன் கதவு மூடியது. உள்ளே இருட்டாக இருந்ததா, வேறு யாரும் இருந்தார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் திரை ஒரு விரல் அளவு விலகி, மறுபடியும் மூடிக்கொண்டது.

அவர் வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கால் அறுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் தாடையில் இடித்த இடம் காய்த்துப்போனது. மண்டல அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே விட்டார்கள். மேசைக்குப் பின்னால் முக்காலி உட்கார்ந்திருந்தார்.

“பழைய அதிகாரி?”

“முதல் பந்தி இல்லத்துல இருக்கார்” என்றார் முக்காலி. “சந்தோஷமா இருப்பார்.” பிறகு கனிவாகச் சொன்னார்: “உங்க வீட்டுத் தகடு தயாரா இருக்குங்க. ஒரே ஒரு மறு ஆய்வு பாக்கி. இப்ப நீங்க ஆறு பேர்தானே?”

மறு ஆய்வுக்குப் புது ஆள் வந்தார். உட்காரும் முக்காலி அதேதான், அதே இடத்தில்தான் போட்டார். மேலே உட்கார்ந்தவர் மட்டும் வேறு, இன்னும் இளையவர். மணியை ஆட்டினார். “பந்தி திறந்தது.” மடியில் ஆறு வில்லைகள். ஐந்தில் எண் இருந்தது.

சமைத்தது பல்செட்டுக்காரர். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. மீனில் முள் எடுத்து, ஆறவைத்து, தட்டுத் தட்டாகப் போட்டார். குண்டனுக்கு நடுவில் தள்ளிவிட்டார். வக்கீலுக்கு ஒரு தடவை போட்டு, இரண்டாம் தடவை இல்லை என்று சொல்லி, பிறகு மனம் கேட்காமல் போட்டார். திருடி எடுத்த மீனுக்குப் பதிலாகத் தோண்டிக்கு இன்னொரு துண்டு வைத்தார். நான்கு வில்லைகள் விழுந்தன. அவர் நிமிர்ந்தபோது இடுப்பு வலித்தது. அடுப்பில் சட்டி காலியாகிக்கொண்டிருந்தது, தனக்கு இன்னும் போட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. யார் பரிமாறுகிறார்களோ அவர்களுக்கு இது நடந்துவிடுகிறது. நடக்கும்போது தெரிவதில்லை.

புது ஆள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் ஐந்தாம் எண்ணும் சிவப்பும் இருந்தன.

“இன்னும் ரெண்டு பேர்” என்றார்.

இப்போது ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டால் போதும். ஐந்தாம் வில்லை அவருக்கு, சிவப்பு சாம்பிக்கு. வாசலில் தகடு. வேன் தெருமுனையில் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. இந்தக் கணக்கைப் பல்செட்டுக்காரர் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரரும் இதே இடத்தில் நின்று இதே கணக்கைத்தான் போட்டிருப்பார், ஒவ்வொரு தடவையும் சரியாகப் போட்டிருப்பார் என்று தோன்றியது.

சட்டியோடு மிச்சச் சோற்றை எடுத்துக்கொண்டார். தட்டு எடுக்கவில்லை. புது ஆளைத் தாண்டி நடந்து, கதவுக்குப் பின்னால் போய், கதவை உள்ளிருந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

இடம் குறுகலாக இருந்தது. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவுதான். சுவரில் முதுகு சாயும் உயரத்தில் சுண்ணாம்பு தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. அவர் அதில் சாய்ந்தார். அவர் முதுகுக்கு அது கொஞ்சம் தாழ்வாக இருந்தது. அங்கே உட்கார்ந்து அவர் அழுதார். சாம்பி அழுகை முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு அருகில் வந்தது.

அவர் நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார். முதலில் சத்தம் சரியாக வரவில்லை. பிறகு வந்தது. ஒரு வாய் அவர் வைத்தார். ஒரு வாய் அது வைத்தது.

வெளியே மணி அடித்தது. “கதவைத் திறங்க. கண்ணுக்குத் தெரியாம சாப்பிடறது செல்லாது. உள்ள யார் முதல்ல சாப்பிடறது?”

பல்செட்டுக்காரர் வலது பக்கமாக மென்றுகொண்டிருந்தார். விழுங்கிவிட்டுச் சொன்னார்:

“நாங்க அப்புறம் சாப்பிட்டுக்கறோம்.”

 தெருமுனையில் வேன் கிளம்பி, மெதுவாக வந்து, வாசலில் நின்றது. கதவுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக, இருவருக்கும் சேர்த்து அந்த ஒரே சிவப்பு வில்லை உள்ளே வந்தது. சாம்பி அதை மோந்து பார்த்தது, தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்ததும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, நிமிர்ந்து அவர் முறைக்காகக் காத்திருந்தது.